நாலாம் போர்டில் என்ன ஆச்சு?

பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. வெளியே பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள். “சார், பேரிங் போட்டாச்சா? சார், நாங்க யார்கூட சார்?” உள்ளே ஸ்டாஃப் ரூம் மேஜையில் ஒரு லேப்டாப், ஆடை படிந்த டீ மூன்று டம்ளர், பாதி கடித்த தட்டுவடை செட், பிரின்டரின் வயிற்றுக்குள் முழங்கை வரை கையை விட்டிருக்கும் ஆர்பிட்டர், அதாவது நடுவர். “இழுக்காதீங்க சார், கிழிஞ்சா பொறவு உள்ளயே ஒட்டிக்கும்” என்கிறார் வாட்ச்மேன் அண்ணன். இந்தப் பிரின்டரின் குணம் பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியுமாம்.

செஸ் போட்டி என்றால் தாடையில் கைவைத்து யோசிக்கிற பிள்ளைகளின் படத்தைத்தான் பேப்பரில் போடுவார்கள். அந்தப் படம் எடுக்கிற இடம் பக்கத்து ஹால். எனக்கு வேண்டியதோ இந்த அறை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இளையோர் செஸ் கிளப் ஒன்று நடத்தும் அணிப் போட்டி. “ஓரமாக நின்று பார்க்கிறேன், யாருக்கும் தொந்தரவு தர மாட்டேன்” என்று கெஞ்சி உள்ளே புகுந்தேன். அரை மணி நேரத்தில் என் கையில் ஒரு பெட்டி பேட்டரியைத் திணித்து, “அந்தக் கடைசி வரிசை கடிகாரத்துக்கெல்லாம் போட்டுடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஆஹா, இதற்குத்தானே வந்தேன்!

கடைசி வரிசைக்குப் போனால் அங்கே ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பெண் மேஜை மேஜையாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வருகிறாள். என்னம்மா தேடுகிறாய் என்றேன். “வலது கை ஓரத்துல வெள்ளைக் கட்டம் இருக்கணும்ங்க. மூணு போர்டத் திருப்பிப் போட்டு வெச்சிருக்காங்க.” விரிப்பு வினைல். சுருட்டியே வைத்திருந்தால் ஓரம் எழும்பி மூலையில் நிற்கும் யானையைக் கவிழ்த்துவிடும். அதனால் முந்தின ராத்திரியே எதிர்ப்பக்கமாகச் சுருட்டி வைக்க வேண்டும். இதையெல்லாம் எந்தச் செஸ் புத்தகத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். மேஜை நாற்காலியில் பாதி பள்ளிக்கூடத்தினுடையது, மீதி வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து வந்தது. முந்தின நாள் முகூர்த்தம் போலிருக்கிறது, ஒரு மேஜையடியில் வாழை இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது.

இனி அணிப் போட்டியின் கணக்கு. ஓர் அணிக்கு நாலு பேர், உபரியாக ஒருவர். உங்கள் முதல் ஆள் எதிரணியின் முதல் ஆளோடு, இரண்டாமவர் இரண்டாமவரோடு, இப்படி நாலு போர்டு. ஜெயித்தால் ஒன்று, டிரா என்றால் அரை. நாலில் இரண்டரை எடுத்தால் மேட்ச் உங்களுடையது, அதற்கு இரண்டு மேட்ச் பாயின்ட். 2–2 என்றால் ஆளுக்கொன்று. 4–0 என்று நசுக்கினாலும் அதே இரண்டுதான். இதில்தான் எல்லா வம்பும் ஆரம்பிக்கிறது. தனியாக விளையாடும்போது உன் அரைப் புள்ளி உன் பாக்கெட்டில். அணியில் அப்படியா? நீ கைகுலுக்கி டிரா வாங்கிக்கொண்டு எழுந்தால், பக்கத்து நாற்காலிக்காரன் ஜெயித்தே தீர வேண்டியிருக்கலாம். அவன் ஏற்கெனவே தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தால் உன்னை அவன் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

யார் யாரோடு மோதுவது என்று பிரிப்பதுதான் பேரிங். அப்படிப் பிரிக்கும் முறைக்கு ஸ்விஸ் என்று பெயர். ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடுவது, ஒருமுறை மோதியவர்களை மறுபடி மோதவிடாமல் பார்த்துக்கொள்வது. 1895ல் சூரிச் நகரப் போட்டியில் முதன்முதலாகச் செய்து பார்த்தார்கள். இன்றைக்கு ஆஸ்திரியாக்காரர் ஹைன்ஸ் ஹெர்ட்சோக் எழுதிய ஸ்விஸ் மேனேஜர் என்ற மென்பொருள் அந்த வேலையை நொடியில் முடித்துவிடுகிறது. நொடியில் முடிந்ததைக் காகிதத்தில் அச்சடித்து வெளியே ஒட்டத்தான் பத்து நிமிஷம்.

போட்டியின் உண்மையான முதல் சண்டை முதல் ரவுண்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. எந்தப் பிள்ளை எந்த போர்டு? அந்த வரிசையை ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. நடுவில் ஒருவர் ஓய்வெடுத்தால் அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு படி ஏறுவார்கள், அவ்வளவுதான். பதிவு மேஜையில் ஒரு அப்பா: “என்ற பையனுக்கு 1460 ரேட்டிங்ங்க. அவனெ எப்படிங்க மூணாம் போர்டுல போடுவீங்க?” ரேட்டிங் என்றால் இப்போதெல்லாம் வீட்டு வாசலில் எழுதி வைக்காத குறைதான். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2024 மார்ச் 1ஆம் தேதி உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, நெடுநேர ஆட்டத்தில் 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரு சூத்திரம் போட்டு ஒரே ராத்திரியில் ஏற்றிவிட்டது. 1000 என்று படுத்தவன் 1400 என்று எழுந்தான், 1500 என்று படுத்தவள் 1700 என்று எழுந்தாள். நகர்த்தாத காய்க்குக் கிடைத்த வெற்றி! அந்த அப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவர்கள் மேஜையில் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அசல் கூட்டம் மாடிப்படிக்கு அடியில் நடந்தது. ஒரே பள்ளி வேனில் வருகிற நாலு பிள்ளைகள். அணிக்குப் பெயர்கூட வேன் நம்பர்தான். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதும் காதும் வைத்த மாதிரி பேசுகிறார்கள்.

“நான் ஒன்னாம் போர்டு வேணாம்டா. எல்லாரும் வந்து பின்னாடி நின்னுக்குவாங்க.”

“உனக்குத்தான்டா ஓப்பனிங் தெரியும்.”

“ஓப்பனிங் தெரிஞ்சா போதுமா? பொறவு?”

அதில் எல்லோரையும்விடச் சின்னவள், ஐந்தாம் வகுப்பு, இரட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பன். அவள் முடிவைச் சொல்லிவிட்டாள். “நாலாம் போர்டு எனக்கு. அங்க யாரும் பாக்க மாட்டாங்க. நான் பாட்டுக்கு அடிச்சிருவேன்.”

ரிப்பன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாடை நினைத்துப் பாருங்கள். எட்டாவது சுற்று, இந்தியா ‘பி’ அணிக்கு எதிரில் முதல் தரநிலை அணியான அமெரிக்கா. ஊரே முதல் போர்டைச் சுற்றி நின்றது. அங்கே 16 வயது குகேஷ், எதிரில் ஃபாபியானோ கருவானா. குகேஷ் ஜெயித்தார், எட்டுக்கு எட்டு, கைதட்டல் விண்ணைப் பிளந்தது. இரண்டாம், மூன்றாம் போர்டுகளில் நிஹால் சரினும் பிரக்ஞானந்தாவும் டிரா. நாலாம் போர்டில் என்ன ஆச்சு? நாக்பூர்ப் பையன் ரவுனக் சாத்வானி சத்தமில்லாமல் லெய்னியர் டொமிங்கெஸைச் சாய்த்துவிட்டு எழுந்தார். 3–1. அந்தக் கடைசி நாற்காலியின் மகிமையை அன்றைக்குத்தான் பல பேர் கண்டுகொண்டார்கள். அணிப் போட்டியின் நாயகர்கள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. வாதத்துக்கு வருகிறவர்கள் வரலாம்.

ஹாலுக்குள் ரவுண்டு ஆரம்பம். ஆட்டத்துக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஐந்து விநாடி கூட. கைகுலுக்கல், கடிகாரத்தில் ஒரு தட்டு, அவ்வளவு நேரம் கொட்டமடித்த கும்பல் கப்சிப். பிறகு கேட்கிறதெல்லாம் காய் வைக்கிற டக்கும் கடிகாரம் அமுக்குகிற டப்பும்.

இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது கேப்டன்களை. பிள்ளைகள் அணிக்குக் கேப்டன் பெரும்பாலும் பி.டி. சார், இல்லாவிட்டால் கிளப்பிலேயே வளர்ந்து இப்போது காலேஜ் போகிற அண்ணன்மார். கேப்டன் என்ன பேசலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. “டிரா கேள்”, “டிராவை ஒப்புக்கொள்”, “ஆட்டத்தை விட்டுக்கொடு”, இவ்வளவுதான். பையன் கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லலாம். போர்டில் இருக்கிற நிலையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. முகபாவமும் ஆகாது. ராணி சும்மா வெட்டுப்படப் போகிறது, பையன் கவனிக்கவில்லை, கேப்டனுக்குத் தெரிகிறது. அந்த முப்பது விநாடியில் ஒரு காலேஜ் பையன் தன் முகத்தை முகமாகவே வைத்துக்கொள்ளப் படுகிற பாட்டை நான் ஒன்றரையடி தூரத்தில் நின்று பார்த்தேன். கழுத்து நரம்பு புடைக்கிறது. உதட்டைக் கடிக்கிறார். கடைசியில் திரும்பி நின்று, சுவரில் தொங்கிய திருக்குறள் பலகையை வெகு சிரத்தையாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மாமல்லபுரத்தில் அந்த இளம் படைக்குக் கேப்டனாக இருந்த ஆர்.பி. ரமேஷுக்கும் இதே சட்டம்தான். அவர் எந்தச் சுவரைப் படித்தாரோ!

பெற்றோருக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான் இடம். கதவு ஜன்னலில் ஒரு பாதிக் கண்ணாடி உடைந்திருக்கிறது, அதன் வழியாக ஒரு நேரத்தில் மூன்று அம்மாக்கள் பார்க்கலாம். போர்டு தெரியாது, பிள்ளையின் முதுகு தெரியும். “அவன் காதப் பாருங்க” என்றார் ஒரு அம்மா என்னிடம். “செவந்துச்சுன்னா குதிரையத் தொலைச்சுட்டான்னு அர்த்தம். காலை ஆட்டுனா நல்லாப் போகுது.” செஸ் தெரியுமா உங்களுக்கு என்றேன். “காய் பேருகூடத் தெரியாதுங்க” என்றார். அவர் சொன்ன ஆருடம் மூன்றில் இரண்டு பலித்தது. அப்பாக்கள் புளியமரத்தடியில். ஒருவரின் போர்வெல் ரிக் வண்டி ராஜஸ்தானில் நிற்கிறது, இன்னொருவர் லாரி பாடி கட்டக் கொடுத்திருக்கிறார், மூன்றாமவர் அன்றைய முட்டை ரேட்டை விசாரிக்கிறார். ஒருவரும் செஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் கதவு கிரீச்சிட்டால் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்புகிறது.

வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கேப்டன்கள் உட்பட உள்ளே போகிற எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். “சைலன்ட்ல இருக்குதுங்க” என்று கெஞ்சினாலும் நடக்காது. கூடைக்குப் பக்கத்தில் காவல் நின்ற கிளப் பையனிடம் நான் பொனோமரியோவ் கதையைச் சொன்னேன், கண்ணை அகல விரித்துக் கேட்டான். உக்ரைன்காரர், உலக சாம்பியன் பட்டம் வென்றவர். 2003 அக்டோபர் 11, பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் ஐரோப்பிய அணிப் போட்டி, முதல் சுற்று. ஆட்டத்தின் நடுவே அவருடைய போன் ஒலித்தது. ஆட்டம் போச்சு. செல்போன் ஒலித்ததற்காக ஆட்டத்தை இழந்த முதல் பெரிய ஆட்டக்காரர் அவர்தான். அன்றைக்கு என்ன நாள் தெரியுமா? அவருடைய இருபதாவது பிறந்த நாள்! பையன் ஒரு கணம் யோசித்துவிட்டு, “அப்ப கேக் வெட்டுனாங்களா சார்?” என்றான். அது எனக்குத் தெரியாது தம்பி.

மூன்றாவது ரவுண்டு முடிந்ததும் படிக்கட்டில் ஒரு பையன் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். வேன் அணியின் முதல் போர்டு. தன்னந்தனியாகத் தோற்றிருந்தால் அம்மா வந்து சமாதானம் சொல்லியிருப்பார். இங்கே அம்மாவுக்கு முன் மற்ற மூன்று பேர் வந்துவிட்டார்கள். “டேய், ரெண்டரை எடுத்துட்டோம்டா, நீ தோத்தது கணக்கே இல்ல!” கேட்கக் கொஞ்சம் கடுமையான ஆறுதல்தான். ஆனால் வேலை செய்தது, பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மாமல்லபுரத்தில் எட்டுக்கு எட்டு வென்ற குகேஷும் அந்த ஒலிம்பியாடின் பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கைக்கு வந்த ஆட்டத்தை நழுவவிட்டார். அந்த மேட்ச் கவிழாமல் நிறுத்தியது பக்கத்தில் பிரக்ஞானந்தா எடுத்த வெற்றி. 2–2. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது, இந்தியா ‘பி’க்கு வெண்கலம். இரண்டு வருஷம் கழித்து 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன். படிக்கட்டில் அழுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற ஒரே கதை இதுதான். பாதியில் ஓடிவிடுகிறார்கள், அது வேறு.

சாப்பாட்டு இடைவேளை. தக்காளி சாதம், அவித்த முட்டை, மோர். முட்டை இல்லாத விசேஷம் நாமக்கல்லில் ஏது! கையைக் கழுவினார்களோ இல்லையோ, வராந்தாவில் நாலு பேர் இரண்டு போர்டை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பக்ஹவுஸ். இது கிறுக்கு ஆட்டம், செஸ்ஸின் குறும்புக்காரத் தம்பி. இரண்டு இரண்டு பேராக அணி. ஒருவன் வெள்ளை, அவனுடைய கூட்டாளி பக்கத்து போர்டில் கறுப்பு. நீ எதிரியிடம் வெட்டுகிற காயைக் கூட்டாளி கையில் கொடுத்துவிடுவாய். அவன் அதைத் தன் போர்டில் காலியான கட்டத்தில் வானத்திலிருந்து இறக்கலாம். காலையெல்லாம் பூட்டி வைத்த வாய் அத்தனையும் இங்கே திறந்துகொள்கிறது.

“குதிரை குடுறா, குதிரை! குதிரை வந்தா மேட்டு!”

“இருடி, யானைதான் கிடைக்குது.”

“யானைய வெச்சு நான் என்ன கோயிலா கட்டறது? குதிரை!”

ஆர்பிட்டரே வந்து இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார். போகிற போக்கில் குனிந்து ஒரு பையன் காதில் ஏதோ சொன்னார். முகபாவச் சட்டமெல்லாம் வராந்தாவுக்கு இல்லை.

ஸ்பான்சர் பேனரையும் சொல்லிவிட வேண்டும். வாசலில் கட்டிய பேனரில் கோழித் தீவனம், ஜவ்வரிசி, ரிக், கூடவே ஒரு பல் டாக்டர். சிரிக்காதீர்கள். அணிப் போட்டிக்கு ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேற, ரூம் போட, சோறு போட யாராவது ஒருவர் மனசு வைத்தாக வேண்டும். 1983ல் தேசிய அணி சாம்பியன்ஷிப்புக்கு மெட்ராஸ் கோல்ட்ஸ் என்று ஒரு அணி கிளம்பியது. அதில் 13 வயதுப் பையன் ஒருவன். அந்த அணிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம்! பையன் விஸ்வநாதன் ஆனந்த். 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. மறைந்தபோது, என் முதல் ஸ்பான்சர் அவர்தான் என்று ஆனந்தே நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவரின் கதையில் இப்படி ஒரு பின்னணிக் குரல். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து எந்தக் கல்யாண மண்டபத்தில் எஸ்.பி.பி. பாட்டைக் கேட்டாலும் செஸ் போர்டு ஞாபகம் வருகிறது.

அந்தப் பையன் கைபழகிய இடமும் ஒரு கிளப்தான். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மேனுவல் ஆரோன் தொடங்கிய தால் செஸ் கிளப். அங்கே மின்னல் ஆட்டத்துக்கு ஒரே சட்டம்: ஜெயித்தவன் உட்கார்ந்திருப்பான், தோற்றவன் எழுந்து வரிசையின் வாலுக்குப் போவான். இன்றைக்கும் நம் பக்கத்துக் கிளப்களில் சனிக்கிழமை சாயங்காலம் நடப்பது அதே கூத்துதான். பள்ளிபாளையத்துப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அந்த ஊரின் இனியன் 2019ல் இந்தியாவின் 61ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். காவிரிக்கு அக்கரையில் ஒருவர் ஆகிவிட்டார் என்றால் இக்கரைக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

கிளப் வெறும் கோப்பைக்காக மட்டும் நடப்பதில்லை. போர்டுகளைச் சாக்கில் கட்டி வண்டியில் போட்டுக்கொண்டு வெளியே போகிற நாட்கள் உண்டு, எனக்கு அதுதான் கூடுதல் குஷி. ஜூலை 20 உலகச் செஸ் தினம். 1924ல் அதே நாளில் பாரிஸில் ஃபிடே பிறந்தது. நூறாவது பிறந்த நாளில், 2024ல், உலகம் முழுக்க 24 மணி நேரத்தில் 72 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடிக் கின்னஸ் சாதனை வைத்தார்கள். இந்தக் கிளப்பின் கொண்டாட்டம் அதைவிடச் சிறியது, சத்தம் மட்டும் பெரியது. ஒரு பூங்காவில் இருபது போர்டை வட்டமாகப் போட்டு, கிளப்பின் கெட்டிக்காரக் காலேஜ் பையன் ஒரே நேரத்தில் இருபது பேரோடு மோதுவான். எதிரில் பஸ் கண்டக்டர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், தறி ஓட்டுகிற அண்ணன், டியூஷன் போகிற வழியில் இறங்கிக்கொண்ட அக்கா. அவன் உள்வட்டத்தில் நடப்பான். உங்கள் போர்டுக்கு அவன் வந்து நிற்கும்போதுதான் நீங்கள் நகர்த்த வேண்டும். ஹெட்மாஸ்டர்களால் அவ்வளவு நேரம் பொறுக்க முடியாது. அவன் முதுகைக் காட்டினதும் நகர்த்துவார், யோசிப்பார், திருப்பி வைப்பார், மறுபடி நகர்த்துவார். பையன் வந்ததும் அப்பாவியாக நிமிர்வார்.

பெரிய ரகளை ஒரு தாத்தாவால் வந்தது. செக் வைத்தார்கள், அவர் நிதானமாக ராஜாவை எடுத்துக் குதிரை போலத் தாவி உட்கார வைத்தார். “தாத்தா, ராஜா அப்படிப் போகாதுங்க.” “எங்கூர்ல ஒரு வாட்டி தாவும் கண்ணு. செக் வாங்கறதுக்கு முன்னாடி தாவியிருக்கணும், நாந்தான் மறந்துட்டேன். இப்பத் தாவிக்கிறேன்.” அவர் சொன்னதில் பாதி உண்மை. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் செக் வாங்காத ராஜாவுக்கு ஒரே ஒரு குதிரைத் தாவல் உண்டு, சிப்பாய்க்கு முதல் அடியில் இரண்டு கட்டம் கிடையாது. இந்தச் சட்டத்தில் வளர்ந்துதான் மீர் சுல்தான் கான் இங்கிலாந்துக்குப் போய் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். பையன் என்ன செய்தான் தெரியுமா? “சரிங்க தாத்தா, தாவிக்குங்க” என்று விட்டுவிட்டான். பத்து நகர்த்தலில் தாத்தாவை மேட்டும் செய்துவிட்டான்.

2022 ஒலிம்பியாடுக்குப் பிறகுதான் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு ஆள் சேர்வது சுலபமாயிற்று என்கிறார்கள் கிளப்காரர்கள். அந்த ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் இடம் மாறி, மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு வந்து, ஜூலை 28ல் தொடங்கியேவிட்டது. நாலு மாதத்தில்! பொதுப் பிரிவில் 188 அணி, பெண்கள் பிரிவில் 162. போட்டியின் சின்னமான, வேட்டி சட்டையில் கும்பிடு போடும் குதிரைத் தம்பி சந்துபொந்தெல்லாம் நின்றான். நிஜ ஆட்டத்துக்கு முன்னால் அரங்கில் ஒத்திகைக்காகவே ஒரு போட்டி வைத்து, ஆயிரத்து நானூறு பேரை உட்கார வைத்து ஆடவிட்டார்கள். பிரின்டர் அங்கேயும் சிக்கியிருக்கும் என்று நம்புகிறேன். பாலஸ்தீன அணிக்காக ஆட வந்த ராண்டா சேதருக்கு எட்டு வயது, போட்டியிலேயே சின்னவள். நம் ரிப்பனைவிடவும் சின்னவள்.

ரிப்பன் என்றதும்தான் ஞாபகம். கடைசி ரவுண்டு. வேன் அணி ஜெயித்தால் கோப்பை. முதல் போர்டு வெற்றி, இரண்டாம் போர்டு தோல்வி, மூன்றாம் போர்டு டிரா. ஒன்றரைக்கு ஒன்றரை. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவள் தேர்ந்தெடுத்த நாலாம் போர்டைச் சுற்றி இப்போது நாற்பது பேர். அவளிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். எதிரில் மொட்டை ராஜா மட்டும். இந்த இடத்தில் எந்தப் பிள்ளைக்கும் கை சிப்பாய்மேல்தான் போகும், தள்ளு தள்ளு என்று. தள்ளினால் பல நேரம் டிரா. அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்! யோசித்து, ஒரு கையை மட்டும் எடுத்து, சிப்பாயைப் பின்னால் விட்டுவிட்டு ராஜாவை முன்னால் நடத்தினாள். இரண்டு ராஜாக்கள் நேருக்கு நேர், நடுவே ஒரு கட்டம், நகர வேண்டியவன் எதிரி. அவன் ஒதுங்கினான், இவள் ராஜா முன்னேறியது. பிறகுதான் சிப்பாய்.

கடைசிக் கட்டத்தில் சிப்பாய் போய் நின்றபோது மேஜையில் ராணி இல்லை. உபரி ராணியை எந்த மேஜைக்கோ தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்லிக்கொள்வது வீட்டில் செல்லும். போட்டியில் அது தலைகீழாக நிற்கும் யானைதான். அவளுக்கு அது தெரிந்திருந்தது. கடிகாரத்தை நிறுத்தினாள், கையைத் தூக்கினாள். ஆர்பிட்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு வெள்ளை ராணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஹாலுக்கு வெளியே ஜன்னல் அம்மாக்கள் “என்ன ஆச்சு, நாலாம் போர்டுல என்ன ஆச்சு?” என்று தவிக்கிறார்கள். ஸ்டேல்மேட் ஆகி டிராவில் முடிந்துவிடுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆகவில்லை. ஏழு நகர்த்தலில் மேட். அவள் எழுந்து, தோற்ற பையனுக்குக் கை கொடுத்து, காய்களை அடுக்கி வைத்துவிட்டு, நேராகத் தண்ணீர் டிரம்முக்குப் போனாள். கத்துகிற வேலையை மற்ற மூன்று பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

பரிசளிப்பைப் பற்றி நாலு வரி போதும். கோப்பை பிள்ளைகளைவிட உயரம், போட்டோவில் இரண்டு முகம் கோப்பைக்குப் பின்னால் போயிற்று, மைக் கீச்சிட்டது, சிறப்பு விருந்தினர் தாமதம். ஒவ்வொரு போர்டுக்கும் தனித் தனிப் பதக்கம் உண்டு, ஒலிம்பியாடிலும் அப்படித்தான். மாமல்லபுரத்தில் முதல் போர்டுத் தங்கம் குகேஷுக்கு, இரண்டாம் போர்டுத் தங்கம் நிஹாலுக்கு. இங்கே நாலாம் போர்டுப் பதக்கம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அளவு முதல் போர்டுப் பதக்கத்துக்குச் சமம் என்பதை நான் கையில் வாங்கிச் சரிபார்த்தேன்.

எல்லோரும் போன பிறகு இருக்கிறது கடைசிக் காட்சி: காய் எண்ணுவது. ஒரு செட்டுக்கு முப்பத்திரண்டு, உபரி ராணிகள் இரண்டு, ஆக முப்பத்து நாலு. கடிகாரங்களிலிருந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும், விட்டுவிட்டால் கசிந்து கெட்டுவிடும். போட்டவனே கழற்று என்று அந்த வேலையும் என் தலையில். ப்ளஸ் டூ பெண் எண்ணிக்கொண்டே வந்து நின்றாள். “பதினெட்டாம் செட்ல கறுப்புக் குதிரை ஒன்னு காணோம்.” மேஜையடி, மேடையடி, தண்ணீர் டிரம், செருப்பு விட்ட இடம், எங்கேயும் இல்லை. வாட்ச்மேன் அண்ணன் குப்பைத் தொட்டியையே கவிழ்த்துப் பார்த்தார். வராந்தாப் பக்ஹவுஸ் கோஷ்டிக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார்கள். நாலாவது போனில் ஒரு அப்பா சிக்கினார்.

“ஆமாங்க, இங்கதான் இருக்குது. சின்னவன் பாக்கெட்ல போட்டுட்டு வந்துட்டான். நாங்க சங்ககிரி தாண்டிட்டோமே.”

“பரவால்லைங்க, அடுத்த வாரம்…”

“இல்லைங்க, அடுத்த வாரம் வரைக்கும் எதுக்கு? ஊருக்குப் போனதும் நாமக்கல் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டுடறனுங்க. பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் நின்னு வாங்கிக்குங்க. கவர் மேல ‘குதிரை’ன்னு எழுதிடறேன்.”